முக்காலி படித்த தலையெழுத்து

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கைப்பிடித்த நாள் முதல் தொந்தரவு தவிர வேறெதுவும் தந்திராத மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அதாவது மூச்சு ஓடுகிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மருமகளை மாயவித்தைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனேன் அல்லவா, அங்கே புதுப் பிள்ளைகளைக் காற்று, மழை, வேர், நிழல் என்று நான்கு இல்லங்களாகப் பிரிக்கிறார்கள். பிரிப்பது ஒரு முக்காலி. பிள்ளை உட்கார்ந்ததும் எதிரே இருக்கும் கண்ணாடியில் அதன் தலையெழுத்தைப் படித்து, இன்ன இல்லம் என்று வாய்விட்டே சொல்லிவிடும். நம் பெண் வழக்கம்போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "நெத்தியே தெரியலையேம்மா, எதைப் படிக்கிறது?" என்றது முக்காலி. நானோ போட்டோ ஸ்டூடியோக்காரன். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களிடம் தாடையைத் தூக்குங்க, தோளை இறக்குங்க என்று சொல்லிச் சொல்லி, புரியாதவர்களை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்து காட்டிப் பழகிய உடம்பு. சும்மா இருக்குமா? "எந்திரிம்மா, அப்பா காட்டுறேன் பாரு" என்று அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். "நிழல் இல்லம்" என்றது முக்காலி. கூடமே கைதட்டியது.

"முக்காலி சொன்னா சொன்னதுதான் சார், மாத்த எங்களுக்கே வழியில்லை" என்று தலைமையாசிரியை கையை விரித்துவிட்டார். ஆக மச்சான், இந்த வயதில் விடுதியில் மேல் கட்டிலில் படுக்கிறேன், சீருடைப் பொத்தான் தொப்பையைப் பார்த்துப் பின்வாங்குகிறது, மிதக்கும் வகுப்பில் வாண்டுகளெல்லாம் கூரையைத் தொட, நான் மட்டும் பாயை விட்டு எழும்பவில்லை. உங்கள் தங்கைக்குப் போன் போட்டால், "வீட்டுலயும் அப்படித்தானே, அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்கதானே பதில் சொல்லுவீங்க" என்று வைத்துவிட்டாள்.

என் கதை கிடக்கட்டும். பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் தலை நிமிரவில்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நான் நிமிரு நிமிரு என்று சொல்லச் சொல்லத் தாடை நெஞ்சில் போய் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பள்ளி மேல் அவளுக்கு உயிர். என்னால் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் சொன்னால் கேட்பாள், உடனே புறப்பட்டு வரவும். வந்த இடத்தில் கால் வலிக்கிறதென்று கண்டதில் உட்கார்ந்துவிட வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தலை நிமிர்ந்து வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை,
முதல் வகுப்பு, நிழல் இல்லம்.

பின்குறிப்பு: மாடிக் கூடத்தில் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு உறையை ஒட்டும்போதே, தங்கை சொல்லி அனுப்பி நீங்களே வந்து நின்றீர்கள். மாடிப்படி ஏறிய களைப்பில் 'அப்பாடா' என்று நீங்கள் உட்கார்ந்தது எதில் என்று நான் சொல்வதற்குள் முக்காலி "மழை இல்லம்" என்றுவிட்டது. அதைப் பார்த்து உங்கள் மருமகள் அண்ணாந்து சிரித்தாள். நின்ற நிலையிலேயே அவள் நெற்றியைக் கண்ணாடியில் பிடித்துக்கொண்ட முக்காலி, "வேர் இல்லம்" என்றது. நான் வாயே திறக்கவில்லை மச்சான், நீங்களே சாட்சி. இனித் தபால்தலை எதற்கு, இதை நாளை வகுப்பில் உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். கடைசி பெஞ்சுக்கு வந்துவிடுங்கள். நாம் இருவரும் முன்னால் உட்கார்ந்தால் அவளுக்குக் கரும்பலகை மறைக்குமாம், நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டாள்.