எடுக்கக் கூடாத ஃபோன்

பேரன்புள்ள அக்காவுக்கு உன் ஒரே தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம் என்று முதல் வரியில் எழுதுவது மரியாதை. எழுதிவிட்டேன், நீ நம்பிவிடாதே. நீயும் அத்தானும் குட்டிகளும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்க மட்டும்தான் முடிகிறது, ஏனென்றால் நேற்று மதியத்திலிருந்து உனக்கு ஃபோன் போட முடியவில்லை. ஏன்டா, ஃபோனில் சொன்னால் வாய் வலிக்குமா, கடிதம் எழுதுகிற காலமா இது என்று கேட்பாய். அக்கா, நான் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து அவர்கள் கூப்பிட்டுத் தொலைத்தால் என்ன ஆவது? லைன் கிடைக்காதே! அந்த ஒரே காரணத்துக்காகத்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

அவர்கள் என்றால் யார் என்று உனக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். "நாப்பது வயசாகப் போகுது, என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே இருப்பியா? இந்தக் கோடை முடியற வரைக்கும் தனியா இருந்து காட்டுடா" என்று நீதான் என்னை இந்தச் சுற்றுலாக் கம்பெனிக்கு அனுப்பி வைத்தாய். "ஒரு வாரம் தாண்டாது, மூட்டையோட வாசல்ல வந்து நிப்பான்" என்று அத்தான் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. அவர் வாயை அடைக்கவாவது இருந்து காட்டுவது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கம்பெனி கொடுத்த வீட்டில் நான்கு பேர். நான் ஆபீசில், மற்ற மூன்று பேரும் ஒரே பஸ்ஸில். டிரைவர் அண்ணன், கைடு தம்பி, சமையல் மாஸ்டர். கோடை பிறந்ததிலிருந்து மூவரும் வாரத்தில் பாதி நாள் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள், மீதி நாள் வீட்டில் குறட்டை விடுகிறார்கள்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாயே. முதலில் என்னைப் பதிவு கவுன்டரில்தான் உட்கார வைத்தார் முதலாளி. ஒரு அம்மா சிரித்த முகமாக வந்து, மலைச் சுற்றுலாவுக்கு ஒரு சீட் வேண்டும் என்றார். நான் என் கடமையைச் செய்தேன். கொண்டை ஊசி வளைவு, மழை வந்தால் சரிகிற மண், மூடுபனி, பஸ்ஸுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், அதிலும் பாதி இடிந்தது, எல்லாம் எடுத்துச் சொல்லி, "போறது நிச்சயம்மா, வர்றதைப் பத்தி நாம ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் போனார், என்ன நெஞ்சழுத்தம் பார். ஆனால் பின்னால் நின்ற வரிசை கலைந்துவிட்டது. மறுநாளே முதலாளி என்னை ரத்து கவுன்டருக்கு மாற்றிவிட்டார். அக்கா, அங்கே நான்தான் ராஜா. பயணம் வேண்டாம் என்று வருகிறவர்களை எழுந்து நின்று வரவேற்கிறேன், நல்ல முடிவு சார் என்று கை கொடுத்து அனுப்புகிறேன்.

வீட்டுக்காரர்களுக்கு வருகிறேன். டிரைவர் அண்ணன் ஆள் ஆறடி, பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். வளைவில் ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை மீசையில். நான் வந்த அன்று என் கட்டில் ஃபேனுக்கு நேர் கீழே இருந்தது. அந்த ஃபேன் சுற்றும்போது கடகடவென்று ஒரு சத்தம், எப்போது கழன்று கழுத்தில் விழுமோ என்று நான் பாயைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் போய்ப் படுத்தேன். அவர் அதைப் பார்த்தார். என் கட்டிலை இழுத்து ஜன்னலோரம் போட்டுவிட்டு, தன் கட்டிலை ஃபேனுக்குக் கீழே தள்ளிக்கொண்டார். கைடு தம்பிக்கு வாய் ஓயாது. "இடது கைப்பக்கம் நீங்க பார்க்கிறது நம்ம வீட்டு உப்பு டப்பா" என்றுதான் அடுப்படியில்கூடப் பேசுவான். மாஸ்டர் நல்ல மனுஷன், ஆனால் பஸ் நிறைய ஆளுக்குச் சமைத்தே பழகிவிட்டதால் நாலு பேருக்குச் சமைக்க அவருக்குக் கை வராது. ஒரு வேளை சமைப்பார், அதையே நான் சூடு பண்ணிச் சூடு பண்ணி அவர்கள் அடுத்த பயணம் போய் வருகிற வரைக்கும் சாப்பிடுவேன்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது, அதுதான் இப்போது என் உயிரை எடுக்கிறது. பஸ் போய்ச் சேர்ந்ததும் ஆளுக்கொரு மிஸ்டு கால் விட வேண்டும். டிரைவர் என்றால் ஒரு ரிங், கைடு இரண்டு, மாஸ்டர் மூன்று. வீட்டில் இருக்கிற நான் அதை எண்ணிக்கொண்டு, எடுக்காமல் இருக்க வேண்டும். செல்ஃபோன்தான் என்னிடம் கிடையாதே, சார்ஜில் வெடித்தது என்று பேப்பரில் படித்த அன்றே அத்தான் கையில் கொடுத்துவிட்டேனே. அதனால் ஹாலில் இருக்கிற வீட்டு ஃபோன்தான் கதி. முதல் பயணத்தில் முதல் ரிங்கிலேயே பாய்ந்து எடுத்து, "என்னாச்சு? எல்லாரும் இருக்கீங்களா?"ன்னு கத்திட்டேன். "ஏம்பா, மிஸ்டு கால்னா மிஸ் பண்ணணும்பா!"ன்னு டிரைவர் அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டது எனக்கு ஃபோன்லயே கேட்டுச்சு. அப்புறம் கையை ரெண்டு தொடைக்கும் அடியில வெச்சு உட்கார்ந்து பழகினேன். ஒண்ணு... அப்பாடா. ஒண்ணு, ரெண்டு... அப்பாடா. மூணும் வந்து முடிஞ்சாத்தான் எனக்குத் தொண்டையில சோறு இறங்கும்.

இதுவரைக்கும் கடற்கரை, ஏரி, பெரிய பெரிய ஊர், எல்லாம் தரையில இருக்கிற இடம். நேத்துதான் முதல் மலைப் பயணம், நான் ஆபீசுக்கு லீவு போட்டுட்டேன். காலைல அவங்க கிளம்பும்போதே வாசலை மறிச்சுக்கிட்டு நின்னேன். பிரேக்கைப் பார்த்தீங்களாண்ணேன்னு கேட்டேன். "பார்த்தேன்பா, நல்லாயிருக்கு, உன்னைக்கூட விசாரிச்சுது"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே போனார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கலை. சாயங்காலம் போய்ச் சேருவாங்க, அப்பத்தான் ரிங் வரும், தெரியும். ஆனா மதியமே எனக்குப் படபடன்னு வந்துடுச்சு. எதுக்குச் சும்மா உட்கார்ந்து சாகணும், நாமளே போட்டுப் பார்ப்போம்னு டிரைவர் அண்ணன் நம்பரைப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்னு ஒரு பொண்ணு சொல்றா. எந்த எல்லைக்கு வெளியே? எவ்வளவு வெளியே? பள்ளத்துலயா? அதை மட்டும் சொல்ல மாட்டேங்கிறா. கைடு தம்பிக்குப் போட்டேன், அவனும் வெளியே. மாஸ்டரும் வெளியே. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை.

அந்த நிமிஷத்துலேர்ந்து நான் ஃபோனைக் கீழே வைக்கவே இல்லை அக்கா. அவ்வளவு பொறுப்பா இருக்கேன். டிரைவர், கைடு, மாஸ்டர், மறுபடி டிரைவர். நடுவுல கண்ணை இழுத்துக்கிட்டுப் போனா, ரிசீவரைத் தலைமாட்டுலயே வெச்சுப் படுத்தேன், அந்தப் பொண்ணு குரல் மாறினா உடனே முழிச்சுக்கலாமேன்னு. இவ்வளவு விழிப்பா இருந்தும் பாரு, அவங்ககிட்டேர்ந்து ஒரு ரிங் வரலை. ஒண்ணே ஒண்ணுகூட வரலை. சாயங்காலம் போச்சு, ராத்திரியும் போச்சு, இப்ப இன்னிக்கு மதியமும் ஆயாச்சு. இந்தக் கோடையில ஒரு தடவைகூடத் தவறாத ரிங் இப்படித் தவறினா வேற என்ன அர்த்தம்? அந்தக் குட்டைச் சுவரும் இடிஞ்ச பாதியுந்தான் கண்ணு முன்னாடியே நிக்குது. ரேடியோவைப் போடப் பயமா இருக்கு, பேப்பரைப் பிரிக்கப் பயமா இருக்கு. எங்கேயாவது எழுதியிருந்துட்டா?

வீடு வேற வெறிச்சுனு கிடக்கு. தனியா இருந்தா வாசக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, கதவை ஒட்டி மாஸ்டரோட பாத்திரத்தையெல்லாம் அடுக்கி வெச்சிடுவேன், யாராவது தள்ளினா சத்தம் கேக்குமில்ல. அடியில அண்டா, அது மேல தட்டு, தட்டு மேல டம்ளர், உச்சியில கரண்டி. இன்னிக்குக் காலைல பால் வாங்கப் போறப்ப பாத்திரத்தை மறந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்து, அத்தனையும் என் கால்லயே விழுந்து, திருடன் திருடன்னு நானே கத்திட்டேன். அப்புறம் பாலும் வாங்கலை. திரும்ப எல்லாத்தையும் அடுக்கிட்டு உட்கார்ந்தேன். டிரைவர் அண்ணனோட காலிக் கட்டிலைப் பார்த்தேன் பாரு, அடக்க முடியலை, அழுதுட்டேன். அந்த ஃபேன் இன்னும் அவர் கட்டிலுக்கு மேலதான் கடகடன்னு சுத்துது. எனக்காக அங்கே போய்ப் படுத்த மனுஷன் அக்கா. மூணு பேருக்கும் ஏதாவது ஆச்சுன்னா இந்த ஊர்ல என்னை ஏன்னு கேக்க யார் இருக்காங்க?

அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அத்தான் ஜெயிச்சாச்சு, அவர்கிட்ட சொல்லிடு. நான் இந்த வேலையை விட்டுட்டு அங்கே வந்துடறேன். மாடி அறையைக் காலி பண்ணி வை, அங்கே இருக்கிற ஃபேனைக் கழட்டிடு. முடிஞ்சா நீயே வந்து கூட்டிக்கிட்டுப் போ. பஸ்ல வராதே, ரயில்ல வா, நடுப்பெட்டியில உட்காரு. அத்தான் கடையில எனக்கு ஏதாவது வேலை போட்டுத் தரச் சொல்லு, உட்கார்ந்த இடத்துலயே இருக்கிற வேலையா. கோடை முடியற வரைக்கும் இருந்து காட்டறேன்னு உனக்கு வாக்குக் கொடுத்தேன், காப்பாத்த முடியலை, என்னை மன்னிச்சுடு.

அக்கா, தெருவில் பெரிய வண்டி ஏதோ வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. யாரோ ஓடி வருகிறார்கள். கதவைத் தட்டுகிறார்கள். தட்டவில்லை, இடிக்கிறார்கள். போலீஸ்தான், வேறு யார் இப்படி இடிப்பார்கள்? செய்தி சொல்ல வந்துவிட்டார்கள். எனக்கு எழுந்திருக்கத் தெம்பு இல்லை, ரிசீவர் இன்னும் காதில்தான் இருக்கிறது, அந்தப் பெண் வெளியே வெளியே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அத்தானுக்கு என் வணக்கம். குட்டிகளுக்கு என் ஆசி, மாடிப்படியில் ஓட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். உன் காலில் விழுந்து இத்துடன் முடிக்கிறேன். நீங்கள் எல்லாரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், வெளியே போகாமல்.

இப்படிக்கு,
உன் நடுங்கும் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் கணக்குல எடுத்துக்காதே. மாடி அறையைக் காலி பண்ணாதே, ஃபேனைக் கழட்டாதே, ரயில் ஏறாதே. கதவு உடைஞ்சுபோச்சு, நான் நல்லா இருக்கேன்.

தாழ்ப்பாள் பிய்ஞ்சு, அண்டா உருண்டு, தட்டு டம்ளர் எல்லாம் பறந்துச்சு. நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். திறந்து பார்த்தா டிரைவர் அண்ணன். பின்னாடி கைடு, அவன் பின்னாடி மாஸ்டர். மூணு பேர் முகத்துலயும் ஈயாடலை. டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார், என் காதுல இருந்த ரிசீவரைப் பார்த்தார், அப்படியே பாத்திரத்துக்கு நடுவுல பொத்துன்னு உட்கார்ந்துட்டார். "மலை மேல சிக்னலே கிடையாதுப்பா. லாட்ஜ் ஃபோன்லேர்ந்து போடறோம் போடறோம், வீட்டு லைன் பிஸி. ராத்திரி பூரா பிஸி, காலைலயும் பிஸி. முதலாளியைப் போட்டுப் பார்க்கச் சொன்னா அவருக்கும் பிஸி. நீ யாரையோ உதவிக்குக் கூப்பிடப் போயி, ஃபோனைப் பிடிச்ச கையோட விழுந்து கிடக்கறேன்னு முடிவே பண்ணிட்டோம்." இவ்வளவும் சொல்லிட்டு அவர் அழுதார் அக்கா. ஒரு கைகூட மீசைக்குப் போகலை. "இத்தனை வருஷமா வண்டி ஓட்டறேன், இன்னிக்குத்தான் வளைவுல எனக்குக் கை நடுங்குச்சு"ன்னார். நான் அப்பத்தான் ரிசீவரை எடுத்து ஃபோன் மேல வெச்சேன்.

இன்னொண்ணு. பஸ்ஸை அவங்க காலியா ஓட்டிட்டு வரலை. இன்னிக்கு மலை மேல ஏரியைப் பார்க்கப் போகவேண்டிய கூட்டம் மொத்தமும் உள்ளே இருந்துச்சு. தெருவை அடைச்சுக்கிட்டு நின்ன பஸ்லேர்ந்து எல்லாரும் இறங்கி நம்ம வீட்டு பாத்ரூமுக்கு வரிசை கட்டிட்டாங்க. கைடு தம்பி கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "வலது கைப்பக்கம் நீங்க பார்க்கிறது எங்க அண்ணன், நல்லா இருக்கார்"னான், எல்லாரும் கை தட்டினாங்க. கூட்டத்துல அந்தப் பதிவு கவுன்டர் அம்மா. "போறது நிச்சயம், வர்றது தெரியாதுன்னீங்க. வந்தாச்சு பாருங்க, உங்க வீட்டுக்கே"ன்னு சிரிச்சுட்டு, எனக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தாங்க. மாஸ்டர் உருண்ட அண்டாவை நிமிர்த்தி டீ போட்டார். இந்த வீட்டுல அவர் போட்டது மிச்சமாகாம தீர்ந்தது இதுதான் முதல் தடவை.

இப்பத்தான் கிளம்பிப் போனாங்க. வழக்கத்துல ஒண்ணைச் சேர்த்திருக்காங்க. தினம் சாயங்காலம் நானும் அவங்க தங்கற லாட்ஜுக்கு நாலு ரிங் விடணுமாம். எங்கேயும் போகாதவன் நான் எதுக்குண்ணே ரிங் விடணும்னு கேட்டேன். "ஏம்பா, நீ மட்டும்தான் பயப்படணுமா? நாங்களும் உன்னை நினைச்சுப் பயந்துக்கறோமே"ன்னார் டிரைவர் அண்ணன்.

கோடை முடியற வரைக்கும் இங்கேதான் இருப்பேன், அத்தான்கிட்ட சொல்லிடு. பயம் போகலை, அப்படியேதான் இருக்கு. அவங்க போறது அதே மலைதான். ஆனா ஃபோன் அது இடத்துல இருக்கு, என் கை ரெண்டும் தொடைக்கு அடியில இருக்கு, இந்த வரியை எழுத மட்டும் ஒண்ணை வெளியே எடுத்தேன். கடிதம் கிடைச்சதும் நீயும் ஒரு அஞ்சு ரிங் விடு அக்கா. எடுக்க மாட்டேன்.