மேவிஸின் ஓடை

மேவிஸ் ஓடையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் ஒட்டிக்கொண்டது.

"ரேமண்டு! இன்னும் காயல!"

"எப்ப ஊத்தின?" மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயர்களை இணைத்துக்கொண்டிருந்த கணவனின் குரல் மட்டும் மேலே வந்தது.

"முந்தாநாள். இந்நேரம் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கணும். பிசுபிசுன்னு கிடக்கு."

மணி பத்து. பதினொன்றுக்கு நடுவர் வந்துவிடுவார். தேவாலயக் கூடம் முழுக்க மேசைகளின் மேல் குட்டி ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. இன்று ஜெயிக்கிற ஒரே ஒரு மேசைதான் மாதிரி ரயில் சங்கத்தின் சார்பில் மான்செஸ்டர் கண்காட்சிக்குப் போகும். பேருந்து ஓட்டிய நேரம் போக இரண்டு வருடம் அதற்காகவே உழைத்திருந்தாள் மேவிஸ். ஐந்து வளைவுப் பாலம், மேலே ரயில், கரையில் ஆடுகள், கீழே, காய்ந்தால் கண்ணாடியாக இறுகும் ரெசின் பசையை ஊற்றிச் செய்த மலை ஓடை.

எதிர் மேசைக்காரர் காலின் எட்டிப் பார்த்தார். தண்ணீர்க் காட்சியில் ஆறு வருடமாக அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

"என்னம்மா, ஓடையில ஜாம் ஓடுது?"

மேவிஸ் பையிலிருந்து தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து, முழு வேகத்தில் வைத்தாள்.

பதினோரு ஆடுகள் பறந்தன. ஒன்பது ஓடையில் விழுந்து ஒட்டிக்கொண்டன.

"ஐயோ, ஆடு!"

"எந்த ஆடு?"

"எல்லா ஆடும்!"

இடுக்கியால் பிடுங்கினாள். ஆடு வந்தது, கூடவே ஓடையும் கொஞ்சம் வந்தது. ஒன்பது பள்ளங்கள். அவற்றை நிரப்ப, மிச்சமிருந்த ரெசினைக் கலந்து மேலே ஊற்றினாள். சிக்னல் ஒயருக்காக ரேமண்டு அன்று காலைதான் போட்ட துளையை அடைக்க மறந்திருந்தாள்.

"மேவிஸ், மேல என்ன ஊத்துற?"

"ஏன்?"

"என் தலையில சொட்டுது!"

ரேமண்டு பதறி எழுந்தார். தலை பலகையில் 'டங்'கென்று மோதியது. பாலம் தப்பியது. பழைய ரெசின் மட்டும் கரையை விட்டுக் கழன்று, ஒரே துண்டாக எழும்பி நின்றது. மேவிஸ் அதை உரித்து எடுத்தாள். கைக்குட்டையைப் போலக் கையில் தொங்கியது இரண்டு வருட உழைப்பு.

இன்னும் பதினைந்து நிமிடம்.

"தண்ணி மாதிரிதானே இருக்கணும்?" ரேமண்டு தலையைத் தடவினார். கை முடியோடு ஒட்டிக்கொண்டது. "பேசாம தண்ணியவே ஊத்திடு."

"கள்ள ஆட்டம்! நிஜத் தண்ணி கூடாதுன்னு விதி. தெரிஞ்சா சங்கத்துல என்னை டீ கலக்கக்கூட விடமாட்டாங்க."

"அப்ப காலின் மான்செஸ்டர் போகட்டும்."

மேவிஸ் அவரை முறைத்தாள். பிறகு அவருடைய தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கினாள்.

அவர் மென்றுகொண்டிருந்த சூயிங்கம் துளையை அடைத்தது. மலைத்தண்ணீரின் பழுப்புக்காக இரண்டு சொட்டு டீ. மேலே ரயில் போனபோது ஓடை மெல்லச் சிலிர்த்தது. மேவிஸுக்கும் சிலிர்த்தது.

நடுவர் பிலிங்டன் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். அவருடைய மூச்சுப் பட்டு அலை எழும்பிவிடுமோ என்று மேவிஸ் தன் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"பாலம் பிரமாதம். ஆடுங்க கொஞ்சம் மிரண்ட மாதிரி இருக்கு, அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா..." அவர் நிமிர்ந்தார். "இந்தத் தண்ணி தண்ணி மாதிரியே இல்லையேம்மா."

"இல்லையா?"

"உயிரே இல்ல. ரெசின்னு பார்த்ததுமே தெரியுது. இங்க வாங்க." அவளைக் காலினின் மேசையில் இருந்த கால்வாய்க்கு அழைத்துப் போனார். "பாத்தீங்களா? இதுக்குப் பேர்தான் தண்ணி!"

"பத்து நாள், பத்து பூச்சு ரெசின்," என்றார் காலின் அடக்கமாக. "பொறுமை வேணும்மா. உனக்கும் ஒருநாள் வரும்."

மான்செஸ்டருக்குக் காலினின் கால்வாய் தேர்வானது. எல்லோரும் கைதட்டினார்கள். மேவிஸும் தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும், பஞ்சால் ஓடையை ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்து, கோட்டால் மறைத்துக்கொண்டு சமையலறைக்குள் நழுவினாள். டீக்கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெரில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கண்ணு, இந்தத் தொட்டியில கொட்டாத, அந்தப் பக்கம் போ. காலின் ஐயா வாளியோட வர்ற நேரம். ஆறு வருஷமா கால்வாயை அவர் இதுலதான் கொட்டுறாரு."