பிட்கோரிப் பிரதிநிதியைக் காணோம்

"ஐயா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார் மங்கோ பிரிங்கிள்.

"ஓய், வாயத் தொறக்காதீரு. சூப்பக் குடியும்," என்றார் நினியன் டல்கிளீஷ்.

மங்கோ எங்கள் பிட்கோரியில் முடிதிருத்துபவர். நினியன் ஜவுளிக்கடைக்காரர். இருவரும் நகரசபை உறுப்பினர்கள். மங்கோ அப்போது நினியன் வீட்டு நிலவறையில், தலையில் ஒட்டிய சாக்குத் தும்புகளோடு, ஆட்டுத்தலை சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சற்று முன்புதான், சபைக் கூட்டம் முடிந்து வெளியே வந்தவரை நினியன் வாசலிலேயே சாக்கைப் போட்டு மூடித் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். விரோதம் ஒன்றும் இல்லை. மறுநாள் மதியம் தேர்தல், அவ்வளவுதான்.

இது 1780இல் நடந்தது. கடலோரத்து நான்கு ஊர்களுக்குச் சேர்த்து லண்டன் பாராளுமன்றத்தில் ஒரு நாற்காலி. இப்போது அந்தத் தொகுதியே கிடையாது. பின்னாளில் பிய்த்துப் பக்கத்துத் தொகுதிகளோடு ஒட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஊர் ஜனங்களுக்கு ஓட்டு இல்லை. ஒவ்வொரு ஊர்ச் சபையும் ஒரு பிரதிநிதியை அனுப்பும். நான்கு பிரதிநிதிகள் கூடி எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயிக்க விரும்புகிறவர் நாலு பேரைக் கவனித்தால் போதும். செலவு கட்டுப்படியாகாவிட்டால் ஒருவரைக் காணாமல் அடித்தாலும் போதும்.

எனவே எங்கள் தொகுதியின் தேர்தல் சரித்திரம் பெரும்பாலும் காணாமல் போனவர்களின் சரித்திரம்தான். ஒரு தேர்தலில் ஒரு தையற்காரரைக் கப்பலேற்றி நார்வேவரை கொண்டுபோய்விட்டார்கள். நல்ல கம்பளிச் சட்டையோடு திரும்பி வந்தார், புகார் ஏதும் சொல்லவில்லை. இன்னொரு தேர்தலில் செருப்புத் தைப்பவர் ஒருவரை அவருடைய மாமியார் வீட்டிலேயே வைத்துப் பூட்டினார்கள். அது மட்டும் அக்கிரமம் என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்தத் தடவை போட்டி சர் ஹியூவுக்கும் ஒரு கர்னலுக்கும். இரண்டு ஊர்கள் சர் ஹியூ பக்கம். ஓர் ஊரும் எங்கள் பிட்கோரியும் கர்னல் பக்கம். சரிசமமாக வந்தால், தேர்தல் நடக்கிற ஊரின் பிரதிநிதிக்கு இன்னொரு ஓட்டு உண்டு. தேர்தல் எங்கள் ஊரில்தான். கர்னல் ஜெயித்தால் துறைமுகச் சுங்க அதிகாரி வேலை நினியனுக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வேலைக்குத் தங்க ஜரிகை வைத்த தொப்பி ஒன்று உண்டு. அதை மாட்ட நினியன் வாசற்பக்கச் சுவரில் ஆணிகூட அடித்துவிட்டார்.

மங்கோதான் பிரதிநிதி என்று போன வாரமே பேசி முடித்திருந்தார்கள். கூட்டம் வெறும் சடங்கு. அதனால் நினியன் பாதியிலேயே எழுந்து சாக்குத் தேடப் போய்விட்டார். சர் ஹியூ ஆட்கள் கடத்துவதற்குள் நாமே கடத்திவிட்டு, மதியம் மணி அடிக்கும்போது ஆளைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவது என்று திட்டம். கட்சிக்காரர்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரில் விலைபோகாத ஆள் தான் ஒருவன்தான் என்பது அவர் அபிப்பிராயம்.

"ஐயா, நீங்க எழுந்து போனப்புறம் கூட்டத்துல..."

"கூட்டத்துல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? இந்தாரும், பிராந்தி."

வருங்காலச் சுங்க அதிகாரியின் நிலவறையில் இருந்த பீப்பாய் ஒன்றுக்குக்கூடச் சுங்கம் கட்டியதில்லை. மங்கோ ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை ஒத்திப்போட்டார்.

நினியனின் மனைவி எஃபி படியிறங்கி வந்தாள்.

"ஏங்க, சபைத் தலைவர் கின்லாக் வந்து நிக்கறாரு. உங்களக் கையோட கூட்டிட்டுப் போகணுமாம்."

"நான் இல்லன்னு சொல்லு."

"என்ன விஷயம்னு கேட்டா, தெருவுல வச்சு சொல்ல முடியாதுங்கறாரு. வேர்த்துக் கொட்டுது மனுஷனுக்கு."

"விலைபோயிட்டான்டி! நம்ம தலைவரே விலைபோயிட்டான். மங்கோ இருக்கற இடத்த என்கிட்டேர்ந்து நைஸா கறக்கப் பாக்கறான்."

"பாவமா நிக்கறாருங்க."

"விலைபோனவன் பாவமாத்தான் நிப்பான்."

"தொப்பி வரட்டும். அத மாட்டத் தலையில என்ன மிச்சம் இருக்கும்னுதான் தெரியல," என்று சொல்லிவிட்டு எஃபி மேலே போனாள்.

இனி வீடு ஆகாது என்று முடிவாயிற்று. கொல்லைப்புறமாகக் கிளம்பித் தேவாலயத்து மணிக்கூண்டில் ஏறிக்கொண்டார்கள். விடிந்ததும் ஊர் முரசு தெருத்தெருவாகக் கேட்டது. பலத்த காற்று, கூவியதில் பாதிதான் மேலே வந்து சேர்ந்தது.

"...பிட்கோரிப் பிரதிநிதி... எங்கிருந்தாலும்... உடனே..."

"கேட்டீரா? உமக்காக முரசே அடிக்கறான். இவ்வளவு பெரிய மனுஷன் ஆவோம்னு கனாவாவது கண்டீரா?"

"இல்லீங்க ஐயா," என்று மங்கோ வெட்கப்பட்டார். பத்து வருடமாகச் சபையில் இருக்கிறார். ஒருவரும் அவரை உட்காரச் சொன்னதுகூட இல்லை. இப்போது சூப்பு, பிராந்தி, முரசு. சந்தோஷம் தாங்காமல் பாட ஆரம்பித்துவிட்டார்.

பாட்டைக் கேட்டு மணியடிப்பவர் மேலே ஏறி வந்தார். அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு இருவரும் இறங்கி ஓடித் துறைமுகத்தில் கிடந்த ஒரு படகில் குதித்தார்கள். மற்றப் படகெல்லாம் மீனுக்குப் போயிருந்தன; துரத்த ஒன்றும் மிச்சமில்லை. அலைதடுப்புச் சுவரின் முனையில் கின்லாக் வந்து நின்று, பொய்முடி நழுவி விழ, இரண்டு கைகளையும் ஆட்டினார். அவருக்குப் பின்னால் கர்னலே குதிரையோடு கடலில் இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் நின்று ஏதோ கத்தினார்.

நினியன் துடுப்பை அப்படியே நிறுத்தினார்.

"மங்கோ! கர்னலையும் வாங்கிட்டாங்க ஓய்!"

"கர்னலுக்கு எதிரா கர்னலே எப்படிங்க..."

"அரசியல் உமக்குப் புரியாது. துடுப்பப் போடும்."

ஊருக்கு எதிரே கடலில் ஒரு பாறைத் திட்டு உண்டு. மதியம்வரை அங்கே பதுங்கியிருந்துவிட்டுப் பின்பக்கப் படித்துறை வழியாக மங்கோவைத் தேர்தல் நடக்கும் மண்டபத்துக்குள் தள்ளிவிடலாம் என்று நினியன் கணக்குப் போட்டார். படகைப் பாறையில் கட்டும் பொறுப்பை மங்கோவிடம் விட்டதுதான் தப்பு. அவர் கட்டிய பாறை கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து பார்த்து, ஒரு தும்மல் தும்மி, தண்ணீரில் இறங்கியது. அது கடல்நாய். படகும் அதோடு போயிற்று. மங்கோ கடைசிவரை இப்படித்தான் சொன்னார். முடிச்சே போடவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு.

மண்டபத்து மணி பன்னிரண்டு அடித்தது. நினியன் பாறைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஜரிகைத் தொப்பி கண்முன்னால் வந்து வந்து போயிற்று. மங்கோவுக்கும் மனசு கேட்கவில்லை.

"ஐயா, நேத்துலேர்ந்து சொல்ல வந்தது என்னன்னா..."

"இப்போ எதுவும் சொல்லாதேயும் ஓய். என்ன அழ விடும்."

சாயங்காலம் ஒரு படகு வந்தது. சர் ஹியூவின் படகோட்டி ஆர்ச்சி, கையில் ஒரு கூடையோடு இறங்கித் தொப்பியைக் கழற்றினான்.

"டல்கிளீஷ் ஐயாவுக்கு எங்க சர் ஹியூ வறுத்த கோழி குடுத்தனுப்பியிருக்காருங்க. ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சிட்டோம்."

நினியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். தோற்றாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"ஜெயிச்சிருக்கலாம்டா. ஆனா நம்ம மங்கோ மேல உங்களால ஒரு விரலாவது வைக்க முடிஞ்சுதா? அத ஒத்துக்க."

ஆர்ச்சி மங்கோவைப் பார்த்தான். மங்கோ தலையைத் தூக்காமல் கோழித் தொடையில் ஈடுபட்டிருந்தார்.

"இவர எதுக்குங்க நாங்க தூக்கணும்? உங்களத் தூக்கத்தான் புதுச் சாக்குத் தச்சு வச்சிருந்தோம். இவரு பிராந்தி வாசனைக்கே விலைபோற ஆளுன்னு நேத்துக் கூட்டத்துல தள்ளிட்டு, விலைபோகாத மனுஷன் நீங்க ஒருத்தர்தான்னு உங்களத்தானே பிரதிநிதியாப் போட்டாங்க!"