பெட்டி நின்றால் வந்து நிற்பவர்

உலகத்தில் எந்த இயந்திரம் நின்றாலும், நின்ற மறுநிமிடம் அதன் பக்கத்தில் வந்து நிற்கிற ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. யாரும் ஆள் அனுப்புவதில்லை. பஸ் இருமிக்கொண்டே ஓரங்கட்டினால் ஓட்டுநருக்கு முன்னால் இவர் இறங்கிவிடுவார். அடுத்த வீட்டு மிக்ஸியின் சத்தம் மாறினால் மதில் மேல் இவர் தலை தெரியும். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும், கழுத்து மட்டும் முன்னால் நீண்டிருக்கும். ஸ்குரூ டிரைவரை நீட்டிப் பாருங்கள், ஓரடி பின்வாங்குவார். காரணம் கேட்டுப் பாருங்கள். அட, கேட்கவே வேண்டாம், அவரே சொல்வார்.

"நான் அப்பவே சொன்னேன்."

இதுதான் அந்த இனத்தின் மூலமந்திரம். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்றெல்லாம் குறுக்கே கேட்கிற மரியாதை கெட்ட ஆள் இல்லையே நீங்கள்?

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் பொன்னுரங்கம். கள்ளக்குறிச்சியில் வீடு, வடக்கனந்தலில் கரும்பும் நெல்லும் போடுகிறவர். இரண்டு கிணறு, இரண்டு மோட்டார். அந்த மோட்டார்கள் மாறி மாறி எரிந்து அவருக்குக் கொடுத்த ஞானத்தை வைத்துக்கொண்டுதான் உலகத்தின் மற்ற எல்லா இயந்திரங்களையும் அவர் எடைபோடுவார்.

நான் சொல்வது இரண்டாயிரத்து ஆறு, மே மாதம். பிற்பட்ட பிள்ளைகளுக்கு மேல்படிப்பில் இடம் ஒதுக்கினால் தகுதி செத்துவிடும் என்று டெல்லியில் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் துடைப்பம் எடுத்துத் தெருவைக் கூட்டிப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஒதுக்கித்தான் ஆக வேண்டும் என்று கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தின் எதிரே நாளுக்கொரு கட்சி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தது. டீக்கடை டிவியின் முன்னால் பொன்னுரங்கம் விடிந்ததும் விடியாததுமாக முழங்குவார்.

"இன்னாய்யா பெரிய தகுதி? எடமே குடுக்காம தகுதி இல்ல, தகுதி இல்லன்னா எப்பிடி? குடுத்துப் பாரு, அப்பால பேசு!"

நியாயமான பேச்சு. நானே கைதட்டியிருக்கிறேன்.

அந்த மாதம்தான் அவருடைய அண்ணன் தெய்வசிகாமணியின் மருமகள் அமிர்தம், கள்ளக்குறிச்சி துருகம் சாலையைப் பார்த்த வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் சென்டர் வைக்கக் கிளம்பினாள். பி.காம். படித்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த பெண். அந்த ஓர் அறை கிடைத்தால் மாட்டுக்கொட்டகைக்கு வெளியே அவளுக்கென்று ஓர் இடம். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் தவிடுதான். மாமனாருக்கோ இதில் துளியும் நம்பிக்கை இல்லை. அதே அறையை உரக்கடைக்காரர் ஒருவர் கோடவுனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டாவது ரிசல்ட் வர்ற அன்னிக்குப் பொட்டி ஓடுச்சின்னா ரூமு உன்னுது. ஓடல, உரத்துக்கு வுட்டுடுவேன். அப்பால அழுதுக்கினு நிக்கக் கூடாது" என்று தீர்ப்பு வழங்கினார் தெய்வசிகாமணி.

"சரிங்க மாமா" என்றாள் அமிர்தம்.

தமிழழகன் என்ற அசெம்பிள்காரர் உதிரிகளை வாங்கிவந்து கம்ப்யூட்டர் பெட்டியை இணைத்து முடித்தார். சந்தனம் குங்குமம் வைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள், விண்டோஸ் சிடியைப் போட்டார்கள். நீலத்திரை வந்தது. 'இன்ஸ்டால் ஆகிறது' என்று பச்சைக்கோடு ஊர்ந்தது. பாதி தூரம் போய் நின்றது. மவுஸை இழுத்தால் அம்பு நகரவில்லை, கீபோர்டைத் தட்டினால் விளக்கு மாறவில்லை. திரை சுவரில் மாட்டிய காலண்டர் போல உறைந்துவிட்டது.

வாசலில் ஒரு நிழல் விழுந்தது. யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

"இன்னா, நின்னுபோச்சா? நான் அப்பவே சொன்னேன்."

பிறகு ஆரம்பித்தது பாருங்கள் காரணமழை. வோல்டேஜ் கம்மி, மோட்டாரும் இப்படித்தான் உர்ரென்று உட்கார்ந்துகொள்ளும் என்றார். எர்த் சரியில்லை, குழி எடுத்து உப்பும் கரியும் கொட்ட வேண்டும் என்றார். புதுப்பெட்டிக்கு எடுத்த எடுப்பில் லோடு ஏற்றினால் தாங்குமா, நாலு நாள் வெறுமனே ஓடவிட்டிருக்க வேண்டும் என்றார். வெளியே கரும்பு லாரி போகிற அதிர்ச்சி என்றார், மேற்கே பார்த்து வைத்த கோளாறு என்றார், சூடு என்றார், ராகுகாலம் என்றார், சிடி விற்றவன் முழியே சரியில்லை என்றார். இவ்வளவையும் டேபிள் ஃபேனுக்கு நேர் எதிரே, வேட்டி படபடக்க நின்றுகொண்டு சொன்னார்.

தமிழழகன் வேறு சிடி போட்டார். நின்றது. பெட்டியைத் திறந்து, ரேமைப் பிடுங்கி, அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். நின்றது. கேபிளை மாற்றினார். நின்றது. இதில் வினோதம் என்னவென்றால், முதல் தடவை பாதி தூரம் போன கோடு அடுத்தடுத்த தடவைகளில் கால் தூரம்கூடப் போகவில்லை. ராத்திரியெல்லாம் அணைத்துப்போட்டு காலையில் போட்டால் கொஞ்சம் ஓடும், வெயில் ஏற ஏறப் படுத்துக்கொள்ளும்.

"நான்தான் ராகுகாலம்னு சொன்னனே!"

ஒன்றைச் சொல்லாவிட்டால் பொன்னுரங்கத்துக்குத் துரோகம் செய்தவனாவேன். அவர் ஒரு வேலையும் செய்யவில்லை என்று யாரும் பழி போட முடியாது. ஒரே ஒரு வேலை செய்தார். முதல் நாளே, சிடியைப் போடுவதற்கு முன்பே, யூரியா மூட்டைக்குள் இருக்கும் கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தார். சுவிட்சுக்கும் சிடிக்கும் ஒயருக்கும் மட்டும் வழி வெட்டி, பெட்டிக்கு மேலிருந்து அடிவரை மாட்டி, சணலால் இறுக்கிக் கட்டினார். கழனி மோட்டாருக்கு அப்படித்தானே கட்டுகிறோம்! தூசு படக்கூடாது, கண்ணும் படக்கூடாது. தமிழழகன் திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் இவர் மறக்காமல் பையை மாட்டிவிடுவார். தமிழழகனும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? டிவி ரிமோட்டிலிருந்து கல்யாணச் சீர் பீரோவரை எதற்கும் உறை பிரிக்காத ஊர் எங்களுடையது. அவர் வீட்டு பிரிட்ஜே இன்னும் கடைக்காரன் சுற்றிக்கொடுத்த கோலத்தில்தான் நிற்கிறது.

ரிசல்ட்டுக்கு முந்தின நாள் மத்தியானம். கோடு மறுபடி நின்றுகிடந்தது. தெய்வசிகாமணி உரக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். அந்த மனிதர் அமிர்தத்தைப் பார்க்கவே இல்லை. சுவரோடு சுவர் காலடி வைத்து அளந்து, "பொட்டாஷ இந்தப் பக்கம் அடுக்கிக்கலாம்" என்றார். அமிர்தம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நம் நிபுணர் கடைசிக் காரணத்தை எடுத்துவிட்டார்.

"வுட்டுத் தள்ளும்மா. மெசின குறை சொல்லி இன்னா புண்ணியம்? இதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணும். மாட்டுக்குத் தவுடு வெக்கிற கை..."

அமிர்தம் எழுந்தாள்.

"இன்னா சொன்னீங்க சின்ன மாமா? தகுதியா? காத்தால டீக்கடையில இன்னா பேசினீங்க? எடமே குடுக்காம தகுதி இல்லன்னா எப்பிடின்னு தெருவே கேக்கக் கத்துனீங்களே, அது ஊருக்கு மட்டுந்தானா? வூட்டுக்குக் கெடயாதா?"

ஸ்குரூ டிரைவரை நீட்டியது போலப் பொன்னுரங்கம் ஓரடி பின்வாங்கினார்.

"மொதல்ல இத எடுத்துக்கினு போங்க!" என்று சணலை அறுத்து, பையை ஒரே இழுப்பாக இழுத்து அவர் காலடியில் வீசினாள். வீசின வேகத்தில் கை பெட்டி மேல் பட்டது. "ஆத்தாடி!" என்று உதறினாள். தமிழழகன் தொட்டுப் பார்த்தார். தோசை வார்க்கலாம். மே மாத மத்தியானத்தில், முதுகுப்பக்கம் காற்றுப் போக ஓர் ஓட்டைகூட இல்லாத பிளாஸ்டிக் பைக்குள் அந்தப் பெட்டியைப் போட்டு இத்தனை நாளாக அவித்துக்கொண்டிருந்தார்கள்!

அமிர்தம் ஃபேனைத் தூக்கிவந்து பெட்டியின் முதுகுப்பக்கம் வைத்தாள். ஆற விட்டார்கள். மறுபடி சிடியைப் போட்டார்கள். கோடு ஊர்ந்தது, பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது, பச்சைப் புல்வெளியும் நீல வானமுமாகத் திரை திறந்தது. தமிழழகன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். உரக்கடைக்காரர் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை கருணாபுரத்திலிருந்தும் களமருதூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் சாலைவரை நின்றார்கள். "வரிசையா வாங்க, எங்க மருமவ பாத்துச் சொல்லும்" என்று தெய்வசிகாமணியே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அமிர்தம் நெட்டில் நம்பரைத் தட்டித் தட்டி, பாஸ் என்றால் முகம் மலர்ந்தும், மற்றதைக் குரலைத் தாழ்த்தியும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொன்னுரங்கமும் வந்தார். பின்னே, வராமல் இருப்பாரா? கை பின்னால், கழுத்து முன்னால். வரிசையில் நின்ற ஒரு தகப்பனாரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து வரைக்கும் நின்னு நின்னு போச்சு. சூடு. நான் அப்பவே சொன்னேன்."

வேடிக்கை என்னவென்றால் அது உண்மை. மேற்குத் திசைக்கும் ராகுகாலத்துக்கும் நடுவே அதையும் சொல்லித்தானே வைத்திருந்தார்! எல்லாக் காரணத்தையும் சொல்லிவைக்கிறவரை எந்தக் கோளாறால் பொய்யாக்க முடியும்? பையைப் பற்றி மட்டும் அவர் மூச்சுவிடவில்லை. அமிர்தமும் கேட்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

நல்ல வேளை, நாமெல்லாம் அப்படி இல்லை என்று சிரிக்கிறீர்கள், இல்லையா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. கோடு பாதியில் நின்றதுமே "ரேம்தான்" என்று முணுமுணுத்தவர் யார்? பிறகு "இல்லையில்லை, பவர் சப்ளை" என்று மாற்றிக்கொண்டவர் யார்? பிளாஸ்டிக் பை வந்ததும் "அதானே, எனக்கு அப்பவே தெரியும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பிச் சொன்னவர் யார்? நான் பெயர் சொல்ல மாட்டேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், காற்று வரட்டும்.