பெல்லியும் துண்டுக்குள் சொன்ன விலையும்

கிரிப்டோவில் பணம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற மனிதர் இந்தியாவில் ஒருவர்தான். அவர் ஆம்பூரில் இருக்கிறார். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் மாஸ்டர். ஊர் அவருக்கு வைத்த பெயர் பெல்லி. ஆளைப் பார்த்தால் ஊதுபத்தி மாதிரி இருப்பார்.

பத்திரிகை வேலையாக நான் ஆம்பூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது, கீழே இருந்த பாய் டீக்கடையில் பெல்லி பழக்கமானார். முதல் நாளே பெயர்க் காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"தோல்ல முதுகுதான் சார் கெட்டி. ஷூவுக்கு முன்பக்கம் அதுலதான் வெட்டணும். வயித்துப் பக்கம் பெல்லி. இழுத்தா இழுபடும், விட்டா சுருங்கும். லேஸுக்கு அடில வெக்கிற நாக்குக்குத்தான் ஆவும். சம்பளமும் அப்டித்தான். வாடக, அரிசி, ஸ்கூல் ஃபீஸு, எல்லாம் முதுகு. மிச்சம் நிக்கிற ஐந்நூறு பெல்லி. காயினு வாங்கணும்னா பெல்லிலதான் வாங்கணும்."

இதை ஒருமுறை கேட்காதவர் ஆம்பூரில் இல்லை. ஒரே ஒருமுறை மட்டும் கேட்டவரும் இல்லை.

நாய் படம் போட்ட காயின் ஒன்றைக் கட்டிங் செக்‌ஷனே போட்டி போட்டு வாங்கியது. பெல்லி தொடவில்லை. "நாய்த் தோல எந்த டேனரியாவது வாங்குதா? அப்புறம் நான் எதுக்கு வாங்கணும்?" என்றார்.

அவருடைய முறை வினோதமானது. டீக்கடை பாய் முன்பு தோல் மண்டியில் தரகர். மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். பிடித்த விரலை மாற்றிப் பேசியவன் மறுநாள் மண்டிக்குள் தலைகாட்ட முடியாது. பெல்லி இந்த வழக்கத்தைக் கிரிப்டோவுக்குக் கொண்டுவந்தார். காயின் வாங்குவதற்கு முன் பாயின் கைமேல் துண்டைப் போடுவார். எவ்வளவு இறங்கினால் விற்பது, எவ்வளவு ஏறினால் விற்பது என்று விரலிலேயே சொல்லிவிடுவார். அதன்பின் அவர் போனைப் பார்ப்பதில்லை. பார்ப்பது பாயின் வேலை.

ஒருநாள் இறங்கு விலை வந்துவிட்டது. பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கம்பெனி கேட்டுக்கு ஓடினார்.

"பெல்லியக் கூப்டுப்பா, அவசரம்!"

வாட்ச்மேன் பதறிப்போனார். "இன்னா பாய், வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?"

"காயினுக்கு!"

பெல்லி ஓடி வந்து, கேட்டிலேயே நின்று விற்றார். நஷ்டம் முப்பது ரூபாய். சொன்ன சொல் நின்ற சந்தோஷத்தில் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பில் நூற்றிருபது.

இன்னொரு முறை பதினோரு ரூபாய் லாபம். அதில் முப்பது சதவீதம் வரி என்று யாரோ சொல்ல, அதைக் கட்ட வாணியம்பாடி ஆடிட்டரிடம் போனார். "கவர்மென்ட்டு நம்ம பார்ட்னர் சார். பங்க ஏமாத்தக் கூடாது." ஆடிட்டர் தன் ஃபீஸைச் சொன்ன பிறகுதான் திரும்பி வந்தார்.

இப்படிப்பட்டவருக்கும் ஒருநாள் புத்தி இழுபட்டது.

துண்டுக்குள் சொன்ன மேல் விலைக்கு ஒரு காயினை விற்றார். விற்ற பிறகும் அது ஏறிக்கொண்டே போனது. விற்காதவர்கள் புது பைக்கில் வேலைக்கு வந்தார்கள். "இன்னா பெல்லி, டீ செலவுக்காச்சும் தேறுச்சா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான்.

அவர் மனைவி ரோசிக்கு அதே கம்பெனியில் தையல் வேலை. கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்து கால் வீங்கிக் கிடந்தது. வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கலாம் என்று பழைய மெஷின் ஒன்றைப் பேசி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பணம் கொடுத்து எடுத்துவர வேண்டும். சனிக்கிழமை காலை பெல்லி டீக்கடைக்கு வந்தார். தூங்கியவர் கண்ணாகத் தெரியவில்லை.

"பாய், கைய குடு. இன்னிக்கி ஜாஸ்தி அமௌன்ட்டு."

"எந்தப் பக்கத்துத் தோலுப்பா?"

பெல்லி துண்டை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"உன்னத்தான் கேக்கறேன். எந்தப் பக்கம்?"

"ரோசி மெஷின் காசு பாய். ஒரே நாளு. நாளைக்கி எடுத்துடுவேன்."

பாய் இரண்டு கைகளையும் வடை மாவு அண்டாவுக்குள் விட்டார். "கை காலி இல்ல. அப்புறம் வா."

பெல்லி போகவில்லை. துண்டு போடாமல் காயின் வாங்க அவரால் முடியாது. அது அவருக்கு வியாதி மாதிரி. பாயின் கை மாவிலிருந்து எண்ணெய்ச் சட்டிக்குப் போனது, சட்டியிலிருந்து மாவுக்கு வந்தது. துண்டுப் பக்கம் மட்டும் வரவில்லை. மாவு தீரப் போகிற நேரத்தில் வீட்டிலிருந்து இன்னொரு அண்டா வந்து இறங்கியது. வடை மலையாகக் குவிந்து, பாதி விலைக்குப் போய், கடைசியில் சும்மாவே போனது.

பெல்லி என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாச்சும் கைய குடுங்க."

நான் இரண்டு கையிலும் வடை எடுத்துக்கொண்டேன்.

"பேஜார் புடிச்ச ஜனங்க!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். எதிர்க்கடையில், எங்களுக்குத் தெரிகிற மாதிரி நின்று டீ குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் வந்தது. காயின் அன்றும் ஏறியது. பெல்லி மெஷினைவிட முகத்தைக் கனமாகத் தூக்கி வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். அந்த வார நடுவில் காயின் விழுந்தது. கட்டிங் செக்‌ஷனில் கத்திச் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். பெல்லி மறுபடி பாய் கடைக்கே வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி டீ கேட்டார். பாயும் ஒன்றும் நடக்காத மாதிரி கொடுத்தார்.

சில மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ரோசி கால் நீட்ட இடம் விட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். பெல்லி கீழே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்.

"மெஷினு நான் வாங்கிக் குடுத்தது சார்."

"ஆமா சார்," என்றார் ரோசி. "பாய் கை மாவா இருந்துச்சி. அதனால வாங்கிக் குடுத்தாரு."

பெல்லியின் கத்தரி நின்றது. "உனக்கு யாரு சொன்னது?"

"ஊரே வட தின்னுச்சே, எனக்குத் தெரியாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த நூலைத் தேடினார். காது வரைக்கும் சிரிப்பு தெரிந்தது.

இப்போது நான் வேலூரில் இருக்கிறேன். லீவு நாளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால், ஆம்பூர் பஸ் நின்றால் ஏறிவிடுகிறேன். அந்த ஊரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.