தூரத்துப் புரட்சிக்காரர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தூரத்துப் புரட்சிக்காரர் என்று பெயர் வைக்கலாம். மாற்றம் எவ்வளவு தூரத்தில் நடக்க வேண்டுமோ அவ்வளவு கொதிப்பார். கொழும்பில் என்றால் நாளைக்கே. பதுளையில் என்றால் அடுத்த வருடம். தான் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் என்றால்? படிப்படியாக!

பெரகலச் சந்திக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் ஜீவராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கக் கிளையின் தலைவர். மே தினத்தன்று பதுளையில், சட்டை முதுகோடு ஒட்ட, தொண்டை கட்ட, மைக்கே மிரண்டு கீச்சிட, "பாராளுமன்றத்துல பாதி ஆசனம் பொம்பளைங்களுக்கு! நாளைக்கே குடுக்கணும்!" என்று முழங்கிவிட்டு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றியபடி சொன்ன முதல் வார்த்தை: "அஞ்சலின், தேத்தண்ணி!"

அஞ்சலின் அவர் மனைவி, கொழுந்து பறிப்பவள். தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்தத் தடவ தலைவர் பதவிக்கு நான் நிக்கப் போறேங்க."

"கொள்கையில எனக்கு முழுச் சம்மதம்," என்றார் ஜீவராஜ். இந்த இனம் மறுக்கவே மறுக்காது, சம்மதித்தே சாகடிக்கும். "ஆனா எதுவும் படிப்படியாத்தான் வரணும். மொதல்ல மகளிர் அணி. அப்புறம் உப தலைவி..."

"தேயில மலையில கக்கூஸ் இல்லாம, பொழுதுக்கும் தண்ணி குடிக்காமக் கெடக்கிறோம். தோட்டத்த நிர்வாகம் பண்ற தொரைகிட்ட அதக் கேக்க உங்களுக்கு வெக்கம். நான் உப தலைவியாகி எப்பங்க கேக்கிறது?"

ஜீவராஜ் பிஸ்கட் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தலைவர் தேர்வுக் கூட்டம். உலகப் பெண்களின் போராட்ட வரலாற்றை உருக்கமாகச் சொல்லி முடித்த ஜீவராஜ், "நம்ம தோட்டத்துக்கு மட்டும் இன்னும் காலம் கனியல," என்றார். பக்கத்து லயத்துப் பிரான்சிஸ்கா எழுந்தாள்.

"அண்ணே, பாராளுமன்றத்துக்குப் போக பஸ்ஸுல ஒரு நாளாகும். அங்க நாளைக்கேன்னீங்க. இந்த மடுவம் பக்கத்துலதானே இருக்கு?"

மடுவம் சிரிப்பில் அதிர்ந்தது. அஞ்சலின் சிரிக்கவில்லை. "படிப்படியாப் போக எனக்கும் சம்மதம். வீடு, காணின்னு எந்தக் கோரிக்கையையும் விடப் போறதில்ல. ஆனா மொதப் படியில கால வைக்கணும். மொதல்ல கக்கூஸ்."

அஞ்சலினுக்காகப் பெண்களின் கைகள் உயர்ந்தன. மனைவிமார் திரும்பிப் பார்த்ததும் ஆண்களின் கைகளும் உயர்ந்தன. ஜீவராஜின் கையும் உயர்ந்து, பாதி வழியில் தலையைச் சொறிந்துகொண்டது.

புதுத் தலைவி போய் நின்றதில் துரை ஒரேயொரு கக்கூஸுக்குச் சம்மதித்தார். கட்டி முடித்த அன்று அங்கே முதலில் கொதித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஜீவராஜேதான். தலைவர் நாற்காலிதான் இப்போது அவருடையது இல்லையே!

"ஒண்ணா? துரோகம்! மலைக்கு மலை வேணும்! நாளைக்கே!"

"நல்லாச் சொன்னீங்க," என்றாள் அஞ்சலின். "மிச்ச சீமெந்து அந்தா கெடக்கு. தூக்குங்க, அடுத்த மலைக்குப் போவோம்."

தோளில் மூட்டையோடு ஏறினார் ஜீவராஜ். மூச்சு வாங்கியதால் முழங்கவில்லை.

சிரிக்கிறீர்களா? நேற்று முகநூலில் நாட்டின் அரசியலமைப்பையே தலைகீழாக மாற்றி எழுதினீர்களே, உங்கள் வீட்டு டிவி ரிமோட் யார் கையில் இருக்கிறது? மெதுவாகப் பார்த்துச் சொல்லுங்கள், அவசரமில்லை.