ஆத்தா வூட்ல இல்ல

பெரம்பலூரை விட்டுத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸுக்கு அடுப்பு மூட்டும் வேலை அன்று காலையோடு போயிருந்தது. பஸ் பாதி வழியில் நின்றதற்கு நான்தான் காரணம் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். யுத்த காலத்தில் பஸ் நிற்காமல் போனால்தான் அதிசயம். முதல் நாளிலிருந்து சாப்பிடவில்லை. சிறுவாச்சூர்க் கோயிலில் பிரசாதமாவது கிடைக்கும் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவர் கோயில் காவல்காரர். சாமி கும்பிட வந்தவனிடம் சாமியே ஊரில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக்கூடிய மனிதர் ஈரேழு உலகத்திலும் அவர் ஒருவர்தான்.

“ஆத்தா வூட்ல இல்லப்பா. மலைக்குப் போயிருக்கு. நாளைக்கு வெள்ளிக்கெழமை, வந்துரும்.”

மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதீகம். ஊர் அதை நம்பியது. இவர் அதன்படி வாழ்ந்தார். செவ்வாய்க்கிழமை யாராவது சண்டைக்கு வந்தால், “வெள்ளிக்கெழமை வச்சுக்கலாம்” என்பார். சொத்தைப் பல்லையும் வெள்ளிக்கிழமைதான் பிடுங்கிக்கொண்டாராம். ஊர் அவருக்கு வைத்த பெயர் வெள்ளிக்கிழமையார்.

“ஏதாவது வேலை கெடைக்குமாங்க?” என்றேன்.

“வெள்ளிக்கெழமை சொல்றேன்.”

அப்போது ஒரு கார் வந்து நின்றது. உடையார்பாளையம் பக்கத்து மிராசுதாரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். மனைவிக்கு மாவிளக்கு வேண்டுதல்.

“கதவைத் தொறய்யா.”

“ஆத்தா இல்லைங்க.”

“நான் யாருன்னு தெரியுமா?”

“தெரியுங்க. ஆத்தா வந்ததும் சொல்றேன்.”

மிராசுதார் முகம் சிவந்தது. “நாளைக்கு வருவேன். அதுக்கப்புறம் நீ இந்த வாசல்ல நிக்கமாட்டே.”

செய்யக்கூடிய ஆள்தான். வெள்ளிக்கிழமையார் இடுப்புச் சாவியை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ராத்திரி கோயில் வாசலிலேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் கூட்டம் நெரிந்தது. மிராசுதார் பூசாரியிடம் புகாரைச் சொல்லிவிட்டு, முதல் ஆரத்திக்குக் கையை நீட்டி நின்றார். பூசாரியோ அவருக்கு முதுகைக் காட்டி, தீபத்தை மலைப் பக்கம் தூக்கிக் காட்டினார்.

“எனக்குக் காட்டாம எங்கய்யா காட்டுறே?”

வெள்ளிக்கிழமையார் முன்னால் வந்தார். “இந்த எடத்தை ஆத்தாவுக்கு வுட்டுக் குடுத்த செல்லியம்மா மலையில இருக்குங்க. அதுக்குத்தான் மொதல்ல. வூட்டுக்காரி ஆத்தாவுக்கே ரெண்டாவதுதான். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

முதலில் சிரித்தது மிராசுதாரின் மனைவி. பிறகு கூட்டமே சிரித்தது. குலவைச் சத்தம் கோபுரத்தைத் தொட்டது. “நம்ம வூட்டுக் காவலுக்கு இப்படி ஒரு ஆள் இருந்தா எப்படி இருக்கும்!” என்றார் அந்த அம்மாள்.

மிராசுதார் மீசையைத் தடவினார். புகாரை மறந்துவிட்டார். “ஏன்யா, எங்க வூட்டுக்கு வந்துடறியா?”

“திங்கக்கெழமை சொல்றேங்க.”

பிறகு வெள்ளிக்கிழமையார் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாவிளக்குக்கு மாவைக் கோயில் வளாகத்திலேயே இடிக்கவேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அந்த அம்மாள் ஊறவைத்துக் கொண்டுவந்த அரிசியை உரலில் கொட்டி, உலக்கையை என் கையில் கொடுத்தார். “வேலை கேட்டியே, இடி.”

ஓங்கி இடித்தேன். உடம்பில் தெம்பு இருந்தது. எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்த அந்த மனிதர், தன் கேழ்வரகுக் களியில் பாதியை வியாழக்கிழமையே எனக்குக் கொடுத்திருந்தார்.